தண்ணீர் வந்தது சரி, சாவியைத் திருகியது யார்?

"இன்சூரன்ஸ் இருக்கா?" என்று கேட்டால் எல்லோரும் "இருக்கு" என்றுதான் சொல்வார்கள். பொய்யும் இல்லை. டேஷ்போர்டுக்குள்ளோ கைபேசியிலோ ஏதோ ஒரு தாள் இருக்கத்தான் செய்யும். அந்தத் தாள் எதற்குக் காசு தரும், எதற்குத் தராது என்று வாங்குகிற அன்று யாரும் கேட்பதில்லை. கிரேனில் தொங்கிக்கொண்டு வண்டி எங்கள் வாசலுக்கு வந்த பிறகுதான் அந்தக் கேள்வி வரும்.

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு கார் ஒர்க்‌ஷாப்பில் முன்மேசை வேலை எனக்கு. கிளெய்ம் ஃபாரம் நிரப்ப வேண்டும், சேதத்தை மதிப்பிட வருகிற சர்வேயருக்குப் போன் போட வேண்டும், எஸ்டிமேட்டைக் கையில் வைத்துக்கொண்டு வண்டிக்காரருக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் நடுவில் நிற்க வேண்டும். இந்த வேலையில் இருப்பதாலேயே சொந்தபந்தங்கள் வீட்டு பாலிசி, கடை பாலிசி என்று எல்லாவற்றையும் என்னிடம் நீட்டுவார்கள். வாசித்துப் பார்த்ததில் எல்லாவற்றிலும் ஒரே சங்கதிதான். பாலிசி எழுதுகிறவர்களுக்கு எது கெட்டது என்பதைவிட எப்படிக் கெட்டது என்பதுதான் முக்கியம். ஒரே எஞ்சின், ஒரே செலவு. ஒரு விதமாகக் கெட்டால் பணம் வரும், இன்னொரு விதமாகக் கெட்டால் வராது. நம் ஆட்கள் முதல் பக்கத்தில் இருக்கும் தொகையை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள்.

2023 டிசம்பர் 17, 18 மழையை இங்கே யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. தாமிரபரணி கரையை மீறி ஜங்ஷன், வண்ணார்பேட்டை, மீனாட்சிபுரம், சிந்துபூந்துறை, கொக்கிரகுளம் எல்லாம் தண்ணீருக்குள் போயின. கலெக்டர் ஆபீஸ் வளாகமே தப்பவில்லை. 1992 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்த பெரியவர்கள் அதையும் இதையும் ஒப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். வடிந்த பிறகு வந்த வண்டிகளில் சீட்டுக்கு அடியில் எல்லாம் வண்டல். முதலில் மாட்டிக்கொண்டவர்கள் பைக் வைத்திருந்தவர்கள்.

காரணம் இது. உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு, 2018 செப்டம்பர் 1 முதல் புது காருக்கு 3 வருஷமும் புது பைக்குக்கு 5 வருஷமும் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் சேர்த்தே எடுக்க வேண்டும். ஷோரூமில் கையில் கொடுக்கிற பாலிசியில் பெரும்பாலும் சொந்தச் சேதத்துக்கான பகுதி முதல் வருஷத்துக்கு மட்டும்தான் இருக்கும். தாளில் 5 வருஷத் தேதி கண்ணில் படுவதால், "2026 வரைக்கும் இருக்குல்லா" என்று நிம்மதியாக இருந்துவிடுவார்கள். தேர்ட் பார்ட்டி என்பது நம் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கு. 1988 மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பதும் அதை மட்டும்தான். நம் வண்டி ஆற்றோடு போனாலும் அதில் ஒரு ரூபாய் கிடையாது. போலீஸ்காரர் நிறுத்தினால் 2,000 ரூபாய் அபராதத்திலிருந்து தப்பிக்கலாம், அவ்வளவுதான். வெள்ளம், புயல், தீ, திருட்டு, கலவரம், நிலச்சரிவு, இடித்துக்கொள்வது எல்லாம் சொந்தச் சேதப் பகுதியில்தான் வரும். நம் ஊரில் இதை ஃபுல் இன்சூரன்ஸ் என்பார்கள். அந்த ஃபுல்லுக்குள்ளும் எத்தனை ஓட்டை இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

கார் முழங்கால் தண்ணீரில் நின்றது. உள்ளே சேறு, கார்ப்பெட் போச்சு, ஒயரிங் போச்சு. ஃபுல் இன்சூரன்ஸ் இருந்தால் இவ்வளவுக்கும் கிளெய்ம் உண்டு, வெள்ளம் பட்டியலிலேயே இருக்கிறது. ஆனால் வடிந்தும் வடியாமலும் இருக்கும்போது ஒருவர் உள்ளே ஏறி சாவியைத் திருகுகிறார். காற்று போகிற வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கியிருக்கும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. மேலே வருகிற பிஸ்டன் தண்ணீரில் முட்டி நிற்கும். கனெக்டிங் ராடு வளைந்துவிடும், சில வண்டிகளில் பிளாக்கே உடைந்துபோகும். கம்பெனி இதை வெள்ளச் சேதமாக எடுத்துக்கொள்வதில்லை. வெள்ளத்துக்குப் பிறகு நீங்கள் செய்த காரியத்தால் வந்த பின்விளைவு என்று எழுதிவிடும். பின்விளைவுச் சேதம் பாலிசியின் விலக்குப் பட்டியலில் முதல் வரிகளிலேயே இருக்கிறது.

அந்த வாரம் வந்தவர்களிடம் நான் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"அண்ணாச்சி, சாவியப் போட்டீயளா?"

"ஒரே ஒரு தடவதான் தம்பி. கடக்குன்னு சத்தம் வந்துச்சு, அப்படியே விட்டுட்டேன்."

அந்த ஒரு தடவை போதும். எஞ்சினைப் பிரிக்கும்போது வளைந்த ராடு எல்லாவற்றையும் சொல்லிவிடும், சர்வேயரிடம் மறைக்கவெல்லாம் முடியாது. அதே தெருவில் அதே தண்ணீரில் நின்ற இன்னொரு வண்டியை, தொடாமல் கட்டி இழுத்துவந்தார்கள். ஆயில் மாற்றி, உள்ளே காயவைத்து, சென்சார்களை மாற்றி அனுப்பினோம். கழிவு போக மீதி கிளெய்மில் வந்தது. சாவியைப் போட்டவருக்கு உள்ளலங்காரம், ஒயரிங் வரைக்கும் கிடைத்தது. எஞ்சின் வேலை அவர் கைக்காசு.

இதற்கென்று எஞ்சின் ப்ரொடெக்ட் என்று தனியாக ஒரு கூடுதல் கவர் இருக்கிறது. ஆற்றோரத்திலும் குளத்துக்குக் கீழும் வீடு வைத்திருப்பவர்கள் அதை எடுப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம். நிறைய பேர் எடுப்பது பம்பர் டு பம்பர். பெயர் அப்படி இருப்பதால் எல்லாம் அடங்கிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது தேய்மானக் கழிவு இல்லாமல் பாகங்களுக்குப் பணம் தருகிற ஏற்பாடு மட்டும்தான். எஞ்சினுக்குள் தண்ணீர் போவதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஏஜென்டுகள் இதைச் சொல்வது குறைவு. சொன்னால் இன்னும் கொஞ்சம் பிரீமியம் கேட்க வேண்டும், வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார் என்ற பயம்.

தேய்மானக் கணக்கு தெரியாமல் பில்லைப் பார்த்துச் சண்டை போடுகிறவர்கள் தினமும் உண்டு. சாதாரண பாலிசியில் ரப்பர், பிளாஸ்டிக், பேட்டரி, ஏர்பேக் எல்லாவற்றுக்கும் பாதி விலைதான். ஃபைபர் பாகத்துக்கு 30 சதவீதம் கழிப்பார்கள். கண்ணாடிக்குக் கழிவு கிடையாது. இரும்புப் பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்து: முதல் ஆறு மாதம் ஒன்றும் இல்லை, நாலாவது வருஷத்தில் 25 சதவீதம், பத்து வருஷம் தாண்டினால் பாதி. இதற்கு மேல் ஒவ்வொரு கிளெய்முக்கும் கட்டாயக் கழிவு, 1500 சிசி வரை உள்ள காருக்கு 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000. இப்போதைய பம்பர், ஹெட்லைட், டேஷ்போர்டு எல்லாமே பிளாஸ்டிக்தானே. அதனால்தான் 'முக்கால்வாசி வரும்' என்று நினைத்து வருகிறவருக்குப் பாதியைக் கொஞ்சம் தாண்டித்தான் வருகிறது.

வண்டி முழுக்கவே போனால் எவ்வளவு கிடைக்கும் என்பதை ஐடிவி என்ற தொகைதான் சொல்லும். அன்றைய ஷோரூம் விலையில் வயதுக்கான தேய்மானம் கழித்து பாலிசி போடுகிற அன்று முடிவு செய்கிற தொகை அது. 8 லட்சம் விலையுள்ள கார் நாலாவது வருஷத்தில் இருந்தால் 40 சதவீதம் கழித்து 4,80,000. ரிப்பேர் செலவு இதில் 75 சதவீதத்தைத் தாண்டினால், அதாவது 3,60,000 தாண்டினால், டோட்டல் லாஸ் என்று முடித்துவிடுவார்கள். பிரீமியம் கொஞ்சம் குறையும் என்று ஐடிவியைக் குறைத்துப் போடச் சொல்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

அப்புறம், டயர். நாலுவழிச் சாலைப் பள்ளத்தில் இறங்கி டயர் மட்டும் வெடித்தால் கிடையாது. அதே அடியில் வண்டியின் வேறு பாகமும் சேதமானால் டயருக்கும் பாதி கிடைக்கும். தானாகத் தேய்ந்து போனது, மெக்கானிக்கல் கோளாறு, கரண்ட் கோளாறு எதுவும் சேராது. வண்டி திருடு போனால் இரண்டு சாவியையும் கேட்பார்கள். இரண்டாவது சாவி எங்கே என்று இப்போதே ஒருமுறை தேடிப் பார்த்துவிடுங்கள்.

எப்படிக் கெட்டது என்பதற்கு அடுத்தபடியாக, எதற்காக ஓட்டினீர்கள் என்று கேட்பார்கள். இதில்தான் நம் பக்கத்து ஆட்கள் அதிகம் அடிபடுகிறார்கள். ஒயிட் போர்டு காரைக் குற்றாலம் சீசனுக்கும் திருச்செந்தூர் சஷ்டிக்கும் வாடகைக்கு விடுவது இங்கே சர்வசாதாரணம். தெரிந்தவர்கள்தான், டீசலுக்கும் மேலே கொஞ்சமும் தருவார்கள். தனியார் கார் பாலிசியில் வாடகைக்கு ஓட்டுவது பயன்பாட்டு வரம்புக்கு வெளியே என்று தெளிவாக எழுதியிருக்கும். வழியில் மரத்தில் மோதியது நிஜமான விபத்துதான், வெளிப்படையாக எழுதியிருக்கிற நிபந்தனையை மீறியதும் நிஜம்தான். 2010-இல் இப்படி ஒரு வழக்கில் முழுக்க மறுக்காமல் 75 சதவீதம் வரை தரலாம் என்ற வழியை உச்ச நீதிமன்றம் ஏற்றது. அதைக் காட்டி வாதாட இடம் இருக்கிறது. ஆனால் அதற்குள் வண்டி எங்கள் ஷெட்டில் நின்று தூசி பிடித்துவிடும்.

குட்டி யானை கதை இன்னும் மோசம். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகும்போது அண்டா குண்டா, ஆடு, அரிசி மூட்டை, அதற்கு மேல் குடும்பம் என்று ஏற்றிக்கொண்டு போவார்கள். பாலிசி சரக்கு வண்டிக்கு. பின்னால் உட்கார்ந்து வருகிறவர்கள் அந்த பாலிசியின் கண்ணுக்கே தெரியமாட்டார்கள். நாற்று நடவுக்கு டிராக்டர் மட்கார்டில் ஆட்களை ஏற்றிப் போவதும் இதேதான். அடிபட்டவருக்கு நஷ்டஈடு கொடு என்று தீர்ப்பாயம் சொன்னால் அது வண்டிக்காரர் தலையில் விழும், வயலை விற்றுக் கட்டியவர்கள் உண்டு. லைசென்ஸ் விஷயத்தில் மட்டும் ஒரு நல்ல செய்தி. சாதாரண இலகு ரக லைசென்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்குக் குறைவான போக்குவரத்து வாகனத்தையும் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. போக்குவரத்து வண்டி ஓட்டுவதற்கான பேட்ஜ் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக அந்த அளவு வண்டிகளுக்குத் தட்டிக்கழிப்பது இனி கஷ்டம். குடித்துவிட்டு ஓட்டியதற்கு எந்த நீதிமன்றத்தையும் நம்ப வேண்டாம்.

பழைய வண்டி வாங்கியவர்கள் ஆர்சி மாற்றினால் போதும் என்று இருந்துவிடுகிறார்கள். வண்டி கைமாறினால் தேர்ட் பார்ட்டி பகுதி சட்டப்படி தானாகக் கூடவே வந்துவிடும். சொந்தச் சேதப் பகுதி வராது. 14 நாளைக்குள் கம்பெனிக்கு எழுதி பாலிசியையும் பெயர் மாற்ற வேண்டும். விற்றவருடைய நோ கிளெய்ம் போனஸும் (கிளெய்ம் கேட்காததற்குப் பிரீமியத்தில் தருகிற தள்ளுபடி) அவரோடு போய்விடும், அது ஆளுக்கு உரியது.

நம் காரை ரிவர்ஸ் எடுக்கும்போது நம் வீட்டு கேட்டிலேயே இடித்துவிட்டோம் என்று வையுங்கள். பம்பர் சொந்தச் சேதத்தில் வரும். கேட்? பக்கத்து வீட்டு காம்பவுண்டை இடித்திருந்தால் தேர்ட் பார்ட்டியில் 7,50,000 வரை இடம் உண்டு. நம் சொத்து என்றால் மோட்டார் பாலிசி தராது, ஏனென்றால் நமக்கு நாமே மூன்றாம் ஆள் ஆக முடியாது. வீட்டு பாலிசியைப் பார்க்க வேண்டும். அதிலும் பழைய ஃபயர் பாலிசி என்றால் சொந்த வண்டி இடித்ததற்குக் கிடையாது.

வீட்டு பாலிசி என்றதும் "அதெல்லாம் யாரு போடுதா" என்பார்கள். உண்மையில் வீட்டுக் கடன் வாங்கிய பலருக்கு அது இருக்கிறது, இருப்பதே தெரியாது. கடன் கொடுக்கும்போது பேங்க் சேர்த்துவிட்டிருக்கும். பேங்குக்குக் கவலை கட்டடத்தைப் பற்றித்தான். 2021 ஏப்ரல் 1 முதல் வீடுகளுக்கு எல்லாக் கம்பெனிகளும் பாரத் கிருக ரக்‌ஷா என்ற ஒரே மாதிரியான பாலிசியைத் தர வேண்டும் என்று ஆனது. நம்மைப் போன்றவர்களுக்கு அது முந்தையதைவிட நல்ல பாலிசி என்றே சொல்வேன். தீ, இடி, வெள்ளம், புயல், நிலநடுக்கம், மரம் விழுவது, கலவரம் எல்லாம் உள்ளே. காம்பவுண்டுச் சுவரும் கட்டடத்தில் சேரும். கட்டடத்துக்கு பாலிசி போட்டாலே உள்ளே இருக்கும் சாமான்களுக்குக் கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, தானாகவே உண்டு. வண்ணார்பேட்டையில் ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் கட்டிலும் நனைந்து தெருவில் கிடந்த எத்தனையோ வீட்டுக்காரர்கள், கடன் கணக்கோடு இப்படி ஒரு பாலிசி ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பேங்கில் கேட்கவே இல்லை.

சரி, அதில் வராதது என்ன? நகைக்குத் தனியாகச் சேர்க்க வேண்டும். பீரோவில் இருந்த ரொக்கம், பத்திரம் எதற்கும் கிடையாது. நிலத்தின் விலை கணக்கில் வராது, திரும்பக் கட்டுகிற செலவுதான். சென்ட் ஐந்து லட்சம் போகிற இடம் என்று பெரிய தொகைக்குப் போட்டால் பிரீமியம்தான் வீண். சுவரில் மெல்ல மெல்ல ஓதம் ஏறிப் பூச்சு உதிர்வது, வருஷக்கணக்கான விரிசல் இதெல்லாம் பராமரிப்புச் செலவு. ஐப்பசி மழையில் ஓர் இடி இடித்து டிவி போர்டு எரிந்துபோகும். மின் அழுத்தம் கூடி அந்தச் சாதனம் மட்டும் கெட்டால் அதற்குத் தரமாட்டார்கள். அதிலிருந்து தீ பரவி அலமாரி எரிந்தால் அலமாரிக்கு உண்டு. கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் அப்படித்தான் எழுதியிருக்கிறது. பம்பாயிலும் வளைகுடாவிலும் இருந்துகொண்டு ஊர் வீட்டைப் பூட்டிப் போட்டிருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பழைய ஃபயர் பாலிசியில் 30 நாளுக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தால் பாதுகாப்பு நின்றுவிடும். முன்கூட்டியே எழுதி ஒப்புதல் வாங்கிக்கொண்டால்தான் தொடரும். உங்கள் தாளில் அந்த வரி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

கடைக்காரர்கள் பாடுதான் பெரும்பாடு. ஜங்ஷன் பக்கம் சரக்கோடு முங்கிய கடைகளில் பலவற்றுக்கு பேங்க் கடனுக்காகப் போட்ட பாலிசி இருந்தது. எனக்குத் தெரிந்த ஓர் அண்ணாச்சியின் பாலிசியில் கடை முகவரி இருந்தது, பின் தெருவில் இருந்த குடோன் முகவரி இல்லை. சரக்கில் பெரும்பகுதி குடோனில். முகவரியில் இல்லாத இடத்தில் இருந்த சரக்கு பாலிசியின் கணக்கில் இல்லாத சரக்கு.

பழைய ஃபயர் பாலிசிகளில் இன்னொரு கண்ணி உண்டு. புயல், வெள்ளம் சம்பந்தப்பட்ட பகுதியை எஸ்டிஎஃப்ஐ என்பார்கள். அது வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துப் பிரீமியத்தைக் குறைத்துக்கொள்ளலாம். மேட்டில் இருக்கிற கடைக்காரர் நீக்கினால் சரி. ஆற்றுக்குக் கூப்பிடு தூரத்தில் கடை வைத்துக்கொண்டு சில ஆயிரத்துக்காக அதை நீக்கினால் என்ன சொல்ல.

குறைத்துப் போடுவதற்கும் ஒரு தண்டனை உண்டு. கடையில் 20 லட்சம் சரக்கு இருக்கிறது, 10 லட்சத்துக்குத்தான் பாலிசி. 4 லட்சத்துக்குச் சரக்கு நனைந்துவிட்டது. 10 லட்சத்துக்குள்தானே இருக்கிறது, 4 லட்சமும் வரும் என்று நினைப்போம். வராது. பாதி மதிப்புக்குப் போட்டதால் நஷ்டத்திலும் பாதி, 2 லட்சம். மீதிப் பாதிக்கு நீங்களே இன்சூரன்ஸ் கம்பெனி என்று அர்த்தம். சிறு கடைகளுக்கு இப்போது இருக்கும் பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்‌ஷா பாலிசியில் 15 சதவீதம் வரை குறைந்திருந்தால் பொறுத்துக்கொள்வார்கள். வீட்டுக்கான பாலிசியில் இந்த விகிதக் கணக்கே கிடையாது. தீபாவளிக்குச் சரக்கு ஏற்றுகிற ஜவுளிக்கடைக்காரர்கள் ஐப்பசியில் இருக்கிற இருப்பை வைத்துத்தான் தொகையை முடிவு செய்ய வேண்டும். மழையும் அப்போதுதானே வருகிறது.

சேதம் ஆகிவிட்டது. அன்றைக்குச் செய்ய வேண்டியதில் முதலாவது, தகவல் சொல்வது. கம்பெனியின் இலவச எண்ணிலோ மெயிலிலோ சொல்லிவிட்டு கிளெய்ம் நம்பர் வாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டாவது, எதையும் கழுவுவதற்கு முன்னால் போட்டோ எடுப்பது. சுவரில் தண்ணீர் நின்ற கறை தெரிய வேண்டும், வண்டி நம்பர் தெரிய வேண்டும். நாற்றம் தாங்காமல் நனைந்த மூட்டைகளை ஆற்றங்கரையில் கொண்டு கொட்டிவிட்டு, சர்வேயர் வந்ததும் வெறும் கடையைக் காட்டியவர்கள் உண்டு. அவர் எதைப் பார்த்து எழுதுவார்? அழுகிற சரக்கு என்றால் போட்டோவும் வீடியோவும் எடுத்து, அப்புறப்படுத்தப் போகிறோம் என்று கம்பெனிக்கு ஒரு மெயில் தட்டிவிட்டுச் செய்யுங்கள். வெள்ளத்தில் மாட்டிக்கொண்டு இரண்டு நாள் கழித்துச் சொன்னாலும் பயப்பட வேண்டாம். தாமதம் ஒன்றையே காரணமாக வைத்து நியாயமான கிளெய்மைத் தள்ளக்கூடாது என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2011-லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது.

மறுத்துவிட்டார்கள் என்றால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். எந்த விதி, எந்த வரி என்று அதில் இருக்க வேண்டும். "வராது சார்" என்று போனில் சொல்வதோடு விட்டுவிட்டவர்கள்தான் அதிகம். கடிதத்தைக் கையில் வாங்கியதும் முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுத வேண்டும். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மனுக்கு (கம்பெனிக்கு வெளியே இருக்கிற குறைதீர்ப்பாளர்) எழுதலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். சொந்தப் பெயரில் எடுத்த பாலிசி, சின்னத் தொழில் பாலிசி எல்லாம் அங்கே எடுத்துக்கொள்வார்கள். ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா தளத்திலும் புகாரைப் பதியலாம். அதற்கும் மேலே நுகர்வோர் ஆணையம் திருநெல்வேலியிலேயே இருக்கிறது. சாவியைத் திருகிய அண்ணாச்சி மறுப்புக் கடிதம் வாங்கவே மூன்று மாதம் அலைந்தார். கடைசியில் வந்த ஒரு பக்கக் கடிதத்தில், பின்விளைவுச் சேதம் என்று எஞ்சின் முழுவதையும் தள்ளியிருந்தார்கள். தண்ணீர் புகுந்த ஆல்டர்னேட்டரையும் ஸ்டார்ட்டர் மோட்டாரையும் கூட அதே வரியில் சேர்த்திருந்தார்கள். சாவியைத் திருகாமல் இருந்திருந்தாலும் கெட்டுப் போயிருக்கக்கூடிய பாகங்கள் அவை. அந்த இரண்டுக்கு மட்டும் தனியாக எழுதிக் கேளுங்கள் என்று சொல்லி, பழைய பாகங்களைச் சாக்கில் கட்டி அவர் கையில் கொடுத்து அனுப்பினேன்.